மிக்சிக்கு எட்டு நிமிடம், கிரைண்டருக்கு நாற்பது

"மிக்சியில மாவரைக்காதே, கரண்ட் பில் எகிறிடும்" என்பது எங்கள் அத்தை வகுத்த சட்டம். மிக்சியின் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் 750 வாட் என்று போட்டிருக்கிறது. கிரைண்டரில் 150 வாட். ஐந்து மடங்கு வித்தியாசம் என்பதால் அத்தை சொல்வதில் தப்பில்லை என்றுதான் நானும் நெடுநாள் நம்பியிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இரண்டிலும் அரைத்துப் பார்த்தோம். மிக்சியில் நாலைந்து ஈடாகப் போட்டு எடுத்ததில், ஓடிய நேரம் மட்டும் கூட்டினால் எட்டு நிமிடம். அதே அளவு அரிசியும் உளுந்தும் கிரைண்டரில் நாற்பது நிமிடம். இப்போது பெருக்கிப் பாருங்கள். 750 வாட் எட்டு நிமிடம் ஓடினால் 100 வாட் மணி. 150 வாட் நாற்பது நிமிடம் ஓடினாலும் 100 வாட் மணி. மீட்டர் கணக்கில் இரண்டும் ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. அத்தை தோற்றார்.

ஆனால் அடுத்த வாரமே ஜெயித்தும் விட்டார். மாவு அரைபடும்போது கரண்ட் போனது. இன்வெர்ட்டரில் கிரைண்டர் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதானே" என்ற தைரியத்தில் தேங்காய்ச் சட்னிக்கு மிக்சியைத் தட்டினேன். இன்வெர்ட்டர் கீச்சிட்டுக்கொண்டு நின்றுபோனது. ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து அணைந்தன. பில்லுக்குச் சமமாகத் தெரிந்த இரண்டு சாமான்கள் இன்வெர்ட்டருக்கு மட்டும் ஏன் சமமாகத் தெரியவில்லை?

இன்வெர்ட்டர் பார்ப்பது வாட்டை. பில் பார்ப்பது யூனிட்டை. இரண்டும் வேறு வேறு. நாம் இரண்டையுமே 'கரண்ட்' என்ற ஒரே சொல்லால் அழைப்பதால்தான் இவ்வளவு குழப்பம். "ஹீட்டர் கரண்ட் நிறைய இழுக்கும்" என்றால் அந்த நொடியில் நிறைய இழுக்கும் என்றும் பொருள் கொள்ளலாம், மாதக் கணக்கில் நிறைய என்றும் பொருள் கொள்ளலாம். பள்ளிப் பாடத்தில் இதற்கு இரண்டு சொற்கள் உண்டு: வாட்டில் அளப்பது திறன், யூனிட்டில் அளப்பது ஆற்றல். இலங்கைப் பாடநூல்களில் திறனை வலு என்றும் ஆற்றலைச் சக்தி என்றும் சொல்வார்கள். எனக்கு 'வலு' பிடித்திருக்கிறது. ஒரு நேரத்தில் எவ்வளவு தள்ள முடியும் என்பதை அந்தச் சொல்லே சொல்லிவிடுகிறது. ஆனாலும் இங்கே நமக்குப் பழகிய திறன், ஆற்றல் என்றே எழுதுகிறேன்.

வயல் வேலையில் 'ஆள் நாள்' கணக்குப் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. ஒரு வயலில் நடவுக்குப் பத்து ஆள் நாள் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் இறங்கினால் ஒரே நாளில் முடியும். இரண்டு பேர் இறங்கினால் ஐந்து நாள். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் பத்துப் பேர் வந்தால் ஒரே வேளைக்குப் பத்துப் பேருக்குச் சோறு ஆக்க வேண்டும், பத்துப் பேரும் ஒரே வரப்பில் நடக்க வேண்டும். ஒரு நேரத்தில் எத்தனை ஆள் நிற்கிறார்கள் என்பது திறன். மொத்தம் எத்தனை ஆள் நாள் ஆனது என்பது ஆற்றல். மிக்சி என்பது ஐந்து ஆள் எட்டு நிமிடம்; கிரைண்டர் என்பது ஓர் ஆள் நாற்பது நிமிடம்.

கிலோவாட் மணி என்ற அலகும் ஆள் நாள் மாதிரிதான். ஆயிரம் வாட் எடுக்கும் சாமான் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு கிலோவாட் மணி. அதைத்தான் மின்வாரியமும் நாமும் ஒரு யூனிட் என்கிறோம். இங்கே பலர் ஒரு தப்புச் செய்வார்கள். 'மணிக்கு 60 கிலோமீட்டர்' என்ற பழக்கத்தில் இதையும் 'மணிக்கு ஒரு கிலோவாட்' என்று வாசிப்பார்கள். அது வகுத்தல், இது பெருக்கல். வாட் என்பதற்குள்ளேயே நேரம் ஒளிந்திருக்கிறது: ஒரு வாட் என்றால் நொடிக்கு ஒரு ஜூல் (ஜூல் என்பது ஆற்றலின் அலகு). அதை நேரத்தால் பெருக்கும்போது வேகம் போய் மொத்தம் வந்து நிற்கிறது. ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். அந்த எண்ணை யாரும் வீட்டில் பயன்படுத்துவதில்லை, மறந்துவிடலாம்.

மிக்சியில் அரைத்த மாவு சூடாகிவிடுகிறது என்று அம்மாக்கள் ஐஸ் தண்ணீர் ஊற்றி அரைப்பார்களே, அதுவும் இந்த விவகாரம்தான். உள்ளே போகும் ஆற்றல் கிட்டத்தட்ட அதேதான். ஆனால் எட்டே நிமிடத்தில் சின்ன ஜாருக்குள் திணிக்கப்படுவதால் வெப்பம் வெளியேற நேரமில்லை. கிரைண்டரில் நாற்பது நிமிடத்தில், அகலமான பாத்திரத்தில், ஆறி ஆறி நடக்கிறது.

படித்துப் புரிந்துகொள்வதை விட மீட்டர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பது மேல். இப்போதுள்ள எலக்ட்ரானிக் மீட்டர்களில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். அதன் பக்கத்தில் ஒரு கிலோவாட் மணிக்கு 3200 துடிப்பு என்ற பொருளில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். சில மீட்டர்களில் 1600 அல்லது 6400 என்றும் இருக்கலாம். உங்கள் மீட்டரில் இருப்பதைப் பாருங்கள். 3200 என்றால், அந்த விளக்கு 3200 முறை மினுக்கினால் ஒரு யூனிட் ஏறிவிட்டது என்று பொருள். ஆக ஒவ்வொரு மினுக்கும் ஒரு சிறு பொட்டலம் ஆற்றல். எத்தனை மினுக்கு என்பது ஆற்றல். எவ்வளவு சீக்கிரம் சீக்கிரமாக மினுக்குகிறது என்பது திறன். பழைய சக்கர மீட்டரிலும் இதே கதைதான். சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பதற்குப் பணம் கட்டினோம். எவ்வளவு வேகமாகச் சுற்றியது என்பதைப் பார்த்து வயிறு கலங்கினோம்.

வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒரு ஃபேனை மட்டும் முழு வேகத்தில் ஓடவிடுங்கள். ஃப்ரிட்ஜையும் ஐந்து நிமிடம் நிறுத்தி வைக்கலாம், பால் கெட்டுப்போகாது. ஒரு மினுக்குக்கும் அடுத்த மினுக்குக்கும் இடையே எத்தனை நொடி என்று எண்ணுங்கள். 1125-ஐ அந்த நொடிக் கணக்கால் வகுத்தால் வருவது வாட். இது 3200 துடிப்பு மீட்டருக்கான எண். 1600 என்றால் 2250-ஐ வகுக்க வேண்டும். பதினைந்து நொடி ஆனால் 75 வாட், பழைய ரக ஃபேன். முப்பத்தெட்டு, நாற்பது நொடி ஆனால் 30 வாட் பக்கம். குறைந்த வாட்டில் சுற்றும் பிஎல்டிசி ரக ஃபேன் வாங்கியிருக்கிறீர்கள். அயர்ன் பாக்ஸைப் போட்டால் நொடிக்கு ஒன்று என்கிற மாதிரி துடிக்கும். 9 வாட் எல்இடி பல்பு ஒன்று மட்டும் எரிந்தால் ஒரு மினுக்குக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விளக்கு மினுக்கினால், எதையோ அணைக்க மறந்திருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் அப்படிச் சிக்கியது செட்டாப் பாக்ஸ்.

சரி, குறைந்த வாட் சாமான் வாங்கினால் பில் குறையுமா? சாமானைப் பொறுத்து குறையும், குறையாமலும் போகும். இந்த இடத்தில்தான் கடைக்காரரும் வாங்குபவரும் சேர்ந்தே குழம்புகிறார்கள்.

வெந்நீரை எடுத்துக்கொள்வோம். பதினைந்து லிட்டர் பக்கெட் தண்ணீர், 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குச் சூடாக வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த சுமார் 4.2 கிலோஜூல் தேவை என்பது தண்ணீரின் குணம். ஹீட்டர் கம்பெனி அதை மாற்ற முடியாது. பெருக்கினால் 0.35 யூனிட் வரும். ஆயிரம் வாட் ராடு போட்டால் 21 நிமிடம். மூவாயிரம் வாட் உடனடி ஹீட்டர் போட்டால் ஏழு நிமிடம். யூனிட் அதே 0.35. ஆகவே "3000 வாட்டா, வேண்டாம்ப்பா, 1000 வாட்டே போதும்" என்று பில்லுக்குப் பயந்து வாங்குவதில் பயனில்லை. காலையில் கூடுதலாகப் பதினாலு நிமிடம் பாத்ரூம் வாசலில் நிற்பதுதான் மிச்சம். தொட்டி வைத்த ஹீட்டரில் பில் கூடுவதற்குக் காரணம் வாட் அல்ல. குளித்து முடித்தும் அணைக்காமல் விட்டால், தொட்டியில் உள்ள வெந்நீர் மெல்ல ஆற ஆற, அது திரும்பத் திரும்பச் சூடாக்கிக்கொண்டே இருக்கும். வீணாவது அந்த வெப்பம்தான்.

இப்படி வேலை முடிந்ததும் நின்றுவிடும் சாமான்கள் ஒரு வகை: ஹீட்டர், கெட்டில், மாவரைப்பது, தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார். இவற்றில் வாட் கூடினால் நேரம் குறையும். வேலையின் அளவுதான் பில்லைத் தீர்மானிக்கும். வேலைக்கு முடிவே இல்லாமல், நாம் இருக்கும் நேரமெல்லாம் ஓடுபவை இன்னொரு வகை: ஃபேன், லைட், டிவி. இங்கே வாட் குறைந்தால் யூனிட்டும் நேரடியாகக் குறையும், ஏனென்றால் ஃபேன் வேகமாகக் காற்று வீசி முடித்துவிட்டு ஓய்வெடுக்கப்போவதில்லை. 75 வாட் ஃபேன் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 54 யூனிட். 30 வாட் ஃபேன் என்றால் 21 யூனிட்டுக்கும் சற்றுக் கூடுதல்.

அப்படியானால் வாட்டைப் பற்றிப் பயப்பட வேண்டிய இடமே இல்லையா என்றால், உண்டு. பர்சுக்குப் பதில் ஒயருக்காகப் பயப்பட வேண்டும். நம் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 6 ஆம்பியர் சின்ன பிளக் பாயின்ட் தாங்குவது 230 பெருக்கல் 6, அதாவது 1380 வாட். 16 ஆம்பியர் பெரிய பாயின்ட் 3680 வாட். நம்மில் பலர் அடாப்டர் ஒன்றை மாட்டி, 2000 வாட் சாமானைச் சின்ன பாயின்ட்டில் செருகிவிடுகிறோம்; அல்லது டிவி பின்னாலிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில். அது கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். ஒயர் சூடாவது மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப: மின்னோட்டம் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்கு. பில் ஐம்பது காசு கூட மாறாமலேயே பிளக் கருகிப்போக முடியும். எம்சிபி (மின்னோட்டம் அளவு மீறினால் தானே விழுந்துவிடும் சுவிட்ச்) ட்ரிப் ஆவதும், பழைய வீட்டில் ஃபியூஸ் போவதும் இதனால்தான். அவை நீங்கள் மாதம் எத்தனை யூனிட் செலவழிக்கிறீர்கள் என்று பார்ப்பதில்லை, பத்துப் பேருக்கான வரப்பில் இருபது பேர் ஏறுகிறார்களா என்றுதான் பார்க்கின்றன. அயர்ன் பாக்ஸ், மோட்டார், ஹீட்டர் மூன்றையும் ஒரே நேரத்தில் போடாமல் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் பில்லில் சல்லிக்காசு மிச்சமாகாது. ஒயருக்கு மட்டும் நிம்மதி.

மின் இணைப்பு வாங்கும்போது விண்ணப்பத்தில் மின்பளு எத்தனை கிலோவாட் என்று கேட்பதும் இதற்காகவே. உங்கள் தெருவின் டிரான்ஸ்ஃபார்மரும் ஒரே நேரத்தில் எவ்வளவு என்பதைத்தான் தாங்கவேண்டியிருக்கிறது. உயரழுத்த இணைப்பு வாங்கிய தொழிற்சாலைகள் இரண்டுக்கும் தனித்தனியே கட்டணம் கட்டுகின்றன: செலவழித்த யூனிட்டுக்கு ஒன்று, எட்டிய உச்சத் தேவைக்கு 'கேட்புக் கட்டணம்' என்று இன்னொன்று. திறனுக்கும் ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசத்தை அங்கே கணக்குப்பிள்ளை கூட மறக்க மாட்டார்.

தமிழ்நாட்டில் ரீடிங் எடுப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. அது நமக்கு ஒரு வசதியான எண்ணைத் தருகிறது. அறுபது நாள் என்றால் 1440 மணி நேரம். ஆகவே இரவு பகலாக அணைக்காமல் விட்ட ஒவ்வொரு வாட்டும் ஒரு ரீடிங்குக்கு 1.44 யூனிட். செட்டாப் பாக்ஸ் சும்மா கிடக்கும்போது 10 வாட் எடுத்தால் 14 யூனிட்டுக்கு மேல். 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம் என்று இருக்கிறது அல்லவா, அது எவ்வளவு என்று இந்தக் கணக்கில் பாருங்கள்: 100-ஐ 1.44-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 69 வாட். ஒரே ஒரு பழைய 75 வாட் ஃபேனை இரண்டு மாதம் நிறுத்தாமல் சுற்றவிட்டால் 108 யூனிட். இலவசம் முழுவதையும் அது ஒன்றே தின்றுவிடும். யாரும் ஃபேனைக் குறை சொல்வதில்லை. அயர்ன் பாக்ஸைத்தான் முறைக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம் தேய்த்தால், அந்த 1000 வாட் அயர்ன் பாக்ஸ் இரண்டு மாதத்தில் 9 யூனிட்டைத் தாண்டாது.

தாண்டாது என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. தகட்டில் போட்டிருக்கும் வாட் அதிகபட்சம்தான். அயர்ன் பாக்ஸ் சூடானதும் உள்ளே உள்ள தெர்மோஸ்டாட் துண்டித்துவிடும், ஆறினால் சேர்க்கும். அந்தச் சின்ன விளக்கு அணைந்து அணைந்து எரிவது அதனால்தான். ஃப்ரிட்ஜும் அப்படியே. அதன் ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2006-இல் தொடங்கிய திட்டம் அது. ஃப்ரிட்ஜ் வாங்கும்போது வாட்டைத் தேடாதீர்கள், அந்த யூனிட்டைப் பாருங்கள். 200 என்று போட்டிருந்தால் ஒரு ரீடிங்குக்கு 33 யூனிட் பக்கம். சராசரியாக 23 வாட் பல்பு ஒன்று எப்போதும் எரிகிற மாதிரி. கடைக்காரர் ஸ்டார்களைத்தான் காட்டுவார். ஆனால் ஐந்து ஸ்டார் பெரிய ஃப்ரிட்ஜை விட மூன்று ஸ்டார் சின்ன ஃப்ரிட்ஜ் குறைவாகச் செலவழிக்கலாம்.

ஏசியும் முழுத் திறனில் எந்நேரமும் ஓடாது. ஒன்றரை டன் ஏசி முழு மூச்சில் சுமார் 1500 வாட் எடுத்தாலும், அறை குளிர்ந்த பிறகு குறைத்துக்கொள்ளும். டன் என்பதும் ஒரு திறன்தான், ஆனால் மின்சாரத்துடையது அல்ல. அறையிலிருந்து எவ்வளவு வேகமாக வெப்பத்தை வெளியே தள்ளுகிறது என்ற அளவு அது. ஒரு டன் என்றால் சுமார் 3.5 கிலோவாட் வெப்பம். ஒரு நாளில் ஒரு டன் பனிக்கட்டி உருகினால் எவ்வளவு குளிர்ச்சி தருமோ அவ்வளவு என்ற பழைய ஐஸ் வியாபாரக் கணக்கிலிருந்து வந்தது.

இன்வெர்ட்டருக்குத் திரும்புவோம். அங்கே இரண்டு எண்கள் இருக்கும். மேலே உள்ள பெட்டியில் 900 விஏ (வோல்ட் ஆம்பியர்) என்ற மாதிரி ஒன்று. ஒரே நேரத்தில் எத்தனை சாமான் தாங்கும் என்பது அது, நடைமுறையில் 700 வாட்டுக்குள் என்று வைத்துக்கொள்ளலாம். கீழே உள்ள பேட்டரியில் 150 ஏஹெச் (ஆம்பியர் மணி) என்று இன்னொன்று. 12 வோல்ட்டால் பெருக்கினால் 1800 வாட் மணி, அதாவது 1.8 யூனிட், எவ்வளவு நேரம் தாங்கும் என்பது இது. இரண்டு ஃபேன், ஒன்றிரண்டு லைட் சேர்த்து 180 வாட் ஓடினால் ஏட்டுக் கணக்கில் பத்து மணி நேரம். பேட்டரியை முழுவதும் வற்றவிடக் கூடாது, வழியிலும் இழப்பு உண்டு என்பதால் ஆறு, ஏழு மணி நேரம் கிடைத்தால் சரி. என் மிக்சி கதையில் பேட்டரியில் ஆற்றல் நிறைய இருந்தது. 750 வாட்டை ஒரே மூச்சில் கொடுக்கும் வலு பெட்டிக்கு இல்லை. பேட்டரியை இரண்டு மடங்கு பெரிதாக மாற்றினாலும் மிக்சி ஓடியிருக்காது. இதைத் தெரியாமல் பேட்டரியை மாற்றிவிட்டு வருத்தப்பட்டவர்கள் எனக்குத் தெரிந்தே இருவர் இருக்கிறார்கள்.

மாடியில் சோலார் போடுகிறவர்களும் இந்த இடத்தில் கால் தவறுகிறார்கள். "மூணு கிலோவாட் போட்டிருக்கேன்" என்பது உச்சி வெயிலில் தகடுகள் எட்டக்கூடிய திறன். 24-ஆல் பெருக்கி நாளுக்கு 72 யூனிட் என்று கனவு காணக் கூடாது. நம்மூர் வெயிலில் ஒரு கிலோவாட்டுக்கு நாளொன்றுக்கு நாலு யூனிட் என்பது கைக்கணக்கு. மூன்று கிலோவாட்டுக்குப் பன்னிரண்டு.

செய்திகளிலும் 'ஒரு நாளைக்கு இத்தனை மெகாவாட் மின்சாரம் உற்பத்தி' என்று வாசிப்பார்கள். மெகாவாட்டுக்கு 'ஒரு நாளைக்கு' ஒட்டாது. கூடங்குளத்தின் ஓர் அணு உலை 1000 மெகாவாட். அது நாள் முழுவதும் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பது 2.4 கோடி யூனிட். 2024 கோடையில் தமிழ்நாடு இரண்டு சாதனைகள் படைத்தது. ஒரே நாளில் செலவழித்த ஆற்றல் 45.4 கோடி யூனிட் என்ற உச்சத்தைத் தொட்டது ஏப்ரல் 30 அன்று. ஒரு கணத்தில் மாநிலம் முழுவதும் சேர்ந்து இழுத்த திறன் 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது மே 2 அன்று. அதிகம் செலவழித்த நாள் ஒன்று, அதிகம் இழுத்த நாள் வேறொன்று.